கைடு வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் விலகும்

கேள்வி: வயது 57. பாபநாசம் பக்கம் விவசாயம். கீழ்த்தாடையில் வலது பக்கம் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களையும் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் (பல்லுக்கு வேராக எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) போடப் போனால் கும்பகோணத்தில் ஒரு டாக்டர், “கம்ப்யூட்டர் கைடு வைத்துப் போட்டால் துளிகூடத் தவறாது, ஈறைக் கிழிக்கவும் வேண்டாம்” என்கிறார். அதற்குத் தனிப் பணம். இன்னொருவர், “இருபது வருஷமாகக் கையால்தான் போடுகிறேன், அதெல்லாம் தேவையில்லை” என்கிறார். அடியில் ஓடும் நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்று வேறு கேள்விப்பட்டேன். சர்க்கரை உண்டு. வெற்றிலைப் பழக்கமும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கைடு என்பது, ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரில் போட்ட திட்டப்படி பிரிண்ட் செய்து பல்மேல் மாட்டும் தகடு; அதிலுள்ள வளையம் வழியாக டிரில் இறங்கும். துளிகூடத் தவறாது என்றவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார். தேவையே இல்லை என்றவரும் முழுக்கச் சரியில்லை. டைட்டானியம் எலும்போடு பிணையும் என்பதைக் கண்ட ஸ்வீடன் நாட்டு பிரனெமார்க், 1965ல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தியபோது கம்ப்யூட்டர் ஏது? கையால் போட்டவை பல வருடம் நிற்கின்றன. நிற்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இடம், சாய்மானம், இந்த இரண்டில்தான் கைடு முந்துகிறது.

எவ்வளவு முந்துகிறது? 20 ஆய்வுகளில் கைடு வைத்துப் போட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இம்ப்ளான்ட்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2018ல் வந்தது. திட்டமிட்ட இடத்திலிருந்து மேல்முனையில் சராசரியாக 1.2 மில்லிமீட்டர், அடிமுனையில் 1.4 மில்லிமீட்டர், சாய்மானத்தில் 3.5 டிகிரி விலகல். கைடு இல்லாமல் போட்டால் இதைவிடக் கூடும். சராசரி என்பதையும் மறக்காதீர்கள். சிலருக்கு அரை மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும், சிலருக்கு இரண்டைத் தாண்டியிருக்கும்.

நீங்கள் போர் போட்டுப் பார்த்தவர்தானே. மேலே குழாய் மூன்றரை டிகிரி சாய்ந்து இறங்கினால் 200 அடியில் பன்னிரண்டு அடி தள்ளிப் போய்விடும். 10 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட்டில் அதே சாய்வு 0.6 மில்லிமீட்டர்தான். ஆனால் அங்கே அடியில் இருப்பது நரம்பு.

கம்ப்யூட்டர் போடும் திட்டத்தில் தவறு வருவது குறைவு. அந்தத் திட்டம் உங்கள் வாய்க்குள் வந்து சேரும் வழியில்தான் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். ஸ்கேன் எடுக்கும்போது நீங்கள் எச்சில் விழுங்கி அசைந்திருப்பீர்கள். பக்கத்துப் பல்லில் உலோகத் தொப்பி இருந்தால் அந்த இடத்தில் படம் கோடு கோடாக விழும். பல்லுக்கு எடுத்த அச்சையும் ஸ்கேனையும் பொருத்தும்போது ஒரு நூலளவு போகும். பிறகு கைடு பிரிண்ட் ஆகி வரும். அதன் வளையத்துக்கும் டிரில்லுக்கும் நடுவே சிறு இடைவெளி இல்லாவிட்டால் டிரில் சுற்றாது, இருந்தால் ஆடும். எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒரு மில்லிமீட்டர்.

முன்னும் பின்னும் பல் இருந்தால் கைடு இரண்டு பக்கமும் கவ்வி ஆடாமல் உட்காரும். உங்களுக்குப் பின்னால் பல்லே இல்லை. ஒரு பக்கம் மட்டும் கால் நட்ட பந்தல் மாதிரி, டிரில் அழுத்தும்போது பின்முனை தாழும். அதனால் டாக்டரிடம் நீங்கள் முதலில் கேட்கவேண்டியது: “ஸ்கேனில் இம்ப்ளான்ட்டின் அடிக்கும் நரம்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறீர்கள்?” குறைந்தது 2 இருக்கவேண்டும். கைடு இருக்கிறதே என்று அதைக் குறைப்பவரிடம் போகாதீர்கள். இடம் போதவில்லை என்றால் நீளம் குறைந்த இம்ப்ளான்ட் இருக்கிறது.

இனி வெற்றிலைக்கு வருவோம். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை, அதோடு போகும் பாக்கைத்தான் சொல்கிறேன். புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாக்கு பல வருடம் போனால் கன்னத்தின் உள்பக்கம் நார் கட்டி வாய் இறுகும். கைடு வழியாக இறங்கும் டிரில் வழக்கத்தைவிட நீளமானது, கடைசிப் பல் இடத்தில் அதை நிமிர்த்திப் பிடிக்க வாய் நன்றாகத் திறக்கவேண்டும். கண்ணாடி முன் நின்று ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் அடுக்கி நெடுக்காக முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் கன்னம் எரிகிறது என்றாலோ இம்ப்ளான்ட் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

ஈறைக் கிழிக்காமல் போடுவது வலிக்கும் வீக்கத்துக்கும் நல்லதுதான், எலும்பு அகலமாக இருந்தால். ஒடுங்கிய எலும்பில் கண்ணால் பார்த்துப் போடுவதே மேல். தவிர, கைடு மூடியிருப்பதால் துளைக்குள் குளிர்ந்த நீர் சரியாக இறங்காது. 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடும். விட்டு விட்டு, நிதானமாகத் துளைக்கிற கை வேண்டும்.

சர்க்கரைக்கு மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எடுத்துக்கொண்டு போங்கள். அது கட்டுக்குள் வந்த பிறகே தேதி குறியுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், வாய் திறப்பு போதுமானால் கைடுக்குப் பணம் கொடுப்பேன். திறப்பு கொஞ்சம் குறைவென்றால், திசை காட்டும் முதல் டிரில்லுக்கு மட்டும் கைடு, மீதி கையால் என்று கேட்பேன். அந்த இருபது வருஷக்காரர் அதற்குச் சம்மதித்தால் அவரிடமே போவேன்.

போட்ட அன்று மாலை மரப்பு ஊசியின் வேகம் இறங்கிய பிறகும் கீழுதடும் தாடையும் மரத்தே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். இரவானாலும் டாக்டருக்குப் போன் போடுங்கள். இம்ப்ளான்ட் நரம்பை அழுத்துகிறது என்றால் அதைச் சீக்கிரம் தளர்த்தினாலோ எடுத்தாலோதான் நரம்பு தேற வாய்ப்பு அதிகம்.