மார்வெலின் திட்டம் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நண்பர்களுக்குள் ஒரு வாதம். 2008 முதல் 2019 வரை மார்வெல் ஸ்டூடியோஸ் எடுத்த 23 படங்களும் முதல் நாளே திட்டமிடப்பட்டவை, அதன்பிறகு திட்டமே இல்லாமல் டிவி தொடர்களை அள்ளி இறைத்ததால்தான் சரிவு என்கிறார்கள். அப்படித்தானா? திரைக்கதை எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். அடுத்தடுத்த பாகங்களையும் கிளைத்தொடர்களையும் உண்மையில் எப்படித் திட்டமிட வேண்டும்?

ர.

அன்புள்ள ர,

உங்கள் நண்பர்கள் சொல்வதைத் தலைகீழாகப் போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரும். முதல் பத்தாண்டில் திட்டம் தொளதொளவென்று இருந்தது. 2021க்குப் பிறகுதான் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டார்கள். ஒன்று நகர்ந்ததும் எல்லாம் இழுபட்டன.

தொளதொளப்புக்கு ஓர் உதாரணம். 2011இல் வந்த ‘தோர்’ படத்தில் தோரின் அப்பா ஓடினின் கருவூலத்தில், பிற்பாடு பெரிய வில்லனாகப்போகும் தானோஸின் கையுறை, கற்கள் பதித்தபடி, சும்மா நிற்கிறது. பின்னால் அந்தக் கையுறையும் கற்களும்தான் மொத்தக் கதை என்று ஆனபோது அது பெரிய ஓட்டை. 2017இல் ‘தோர்: ராக்னராக்’ படத்தில் வில்லி ஹேலா கருவூலத்துக்குள் நடந்துபோகிற போக்கில் அதைத் தட்டிவிட்டு “போலி” என்கிறாள். ஒரே சொல்லில் ஆறு வருடத் தவறு அடைபட்டது. தானோஸும் அப்படித்தான்: 2012இல் ஒரு நடிகர், 2014இலிருந்து ஜோஷ் ப்ரோலின். திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் ஒரே கோட்டில் வந்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அவர்களிடம் உண்மையில் இருந்தது அடுத்த படத்துக்கு இழுக்கும் மலிவான கொக்கிகள். பெயர்ப்பட்டியலுக்கு இடையிலோ பிறகோ வரும் குட்டிக் காட்சியைப் பல நேரம் அடுத்த படத்தின் இயக்குநரே எடுத்துக் கொடுத்தார். ‘தோர்’ முடிவில் வருவதை ‘அவெஞ்சர்ஸ்’ இயக்குநர் ஜாஸ் வீடன் எடுத்தார், ‘தோர்: த டார்க் வேர்ல்ட்’ பெயர்ப்பட்டியலுக்கு இடையில் வருவதை ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ இயக்குநர் ஜேம்ஸ் கன். படம் முடியும் தறுவாயில், அடுத்தது என்ன என்று தெளிவான பிறகு ஒட்டப்படுவதால் வாக்குறுதி பொய்க்க வாய்ப்பு குறைவு. ‘அவெஞ்சர்ஸ்’ கடைசியில் நாயகர்கள் உட்கார்ந்து ஷவர்மா தின்னும் காட்சி சிறப்புத் திரையிடலுக்கு அப்புறம் எடுத்தது! அதில் கிறிஸ் எவன்ஸ் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறொரு படத்துக்காக வளர்த்த தாடிக்காக.

டிவிக்கு வருவோம். சிக்கல் இங்கேதான். படமும் தொடரும் ஒரே வேகத்தில் தயாராவதில்லை. 2013 செப்டம்பரில் ஏபிசி சேனலில் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடங்கியது, முதல் பருவம் 22 அத்தியாயம். ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்குள் எதிரிக் கும்பலான ஹைட்ரா ஊடுருவியிருக்கிறது என்ற ரகசியமோ 2014 ஏப்ரல் 4 அன்று ‘வின்டர் சோல்ஜர்’ படத்தில்தான் உடையும். தொடரின் மையமே அந்த அமைப்பு. ஆனால் 16 அத்தியாயங்கள் அதைப்பற்றி வாய் திறக்கக் கூடாது. வாராவாரம் ஒரு வழக்கு என்று ஓட்டினார்கள், பார்வையாளர்கள் கழன்றுகொண்டார்கள். ஏப்ரல் 8 அன்று 17ஆவது அத்தியாயம் வந்தபிறகுதான் தொடருக்கு உயிர் வந்தது. இன்னொரு பக்கம், ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் செத்த ஷீல்ட் அதிகாரி கோல்சன் தொடரில் பிழைத்து நடமாடுகிறார், அந்தச் செய்தி கடைசிவரை அவெஞ்சர்ஸ் குழுவுக்குப் போய்ச் சேரவே இல்லை. படப்பிரிவு கெவின் ஃபைகியிடம், டிவி பிரிவு ஜெஃப் லோபிடம். 2019 இறுதிவரை இரண்டும் தனித்தனி அடுப்பு.

அடுப்பை ஒன்றாக்கியபின் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். 2021, 2022 இரண்டே வருடத்தில் 7 படம், 8 தொடர், 2 சிறப்பு நிகழ்ச்சி. கொரோனாவால் ‘பிளாக் விடோ’ 2020 மே 1இலிருந்து 2021 ஜூலை 9க்குப் போனது. அதில் அறிமுகமாக வேண்டிய வாலன்டினா அதற்கு முன்பே ‘த ஃபால்கன் அண்ட் த வின்டர் சோல்ஜர்’ தொடரில் வந்து நின்றாள். இங்கே எதுவும் உடையவில்லை, ஏன் என்று கவனியுங்கள். யாரென்று தெரியாத ஒரு பெண் வந்து வேலை கொடுக்கிறாள். எந்த வரிசையில் பார்த்தாலும் அந்தக் காட்சி நிற்கும். நகர்த்தக்கூடிய கொக்கி என்றால் இதுதான்.

நகர்த்த முடியாததற்கு ‘த மார்வெல்ஸ்’. மூன்று நாயகிகள். ஒருத்தியை 2019இல் வந்த ‘கேப்டன் மார்வெல்’ படத்தில் அறிவோம். மோனிகாவுக்குச் சக்தி வந்தது ‘வான்டாவிஷன்’ தொடரில், 9 அத்தியாயம். கமலாவுக்கு ‘மிஸ் மார்வெல்’ என்று தனித் தொடர், 6 அத்தியாயம். டிக்கெட் வாங்கும் முன் 15 அத்தியாயம் பாக்கி! முதல் படம் உலக அளவில் 113 கோடி டாலர் எடுத்தது, இது 20 கோடியைச் சற்றே தாண்டியது. பழியை முழுக்கத் தொடர்கள்மேல் போடமாட்டேன். நடிகர்கள் வேலைநிறுத்தம் முடிந்தது 2023 நவம்பர் 9, படம் வந்தது மறுநாள். நாயகிகள் விளம்பரத்துக்கே வர முடியவில்லை.

என் கணிப்பில் சரியாகச் செய்தது எதிர்முகாமான டிசி. ‘த பேட்மேன்’ முடிவில் தாதா ஃபால்கோன் சாகிறான், நிழலுலகின் நாற்காலி காலி. படத்தில் சில காட்சிகளே வந்த ஓஸ் (பெங்குவின் என்பது இவன் பட்டப்பெயர்) அந்த நாற்காலிக்குப் போடும் சண்டைதான் ‘த பெங்குவின்’, 2024, 8 அத்தியாயம், கதை நடப்பது படத்துக்கு ஒரு வாரம் கழித்து. பேட்மேனே வருவதில்லை. படத்திலிருந்து தொடர் கடன் வாங்குகிறது, படத்துக்கு அது எதுவும் பாக்கி வைப்பதில்லை. இரண்டாம் பாகத்தில் அவன் தலைவனாக வந்து நின்றால் தொடரைப் பார்க்காதவனுக்கும் புரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது கதை எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்கு நோட்டு போடுவது. ஒவ்வொரு பாகமும் முடியும்போது ஒவ்வொரு பாத்திரமும் எங்கே, எந்த வருடம், எந்த ரகசியம் யாருக்குத் தெரியும் என்று எழுதுங்கள். வருடத்தை விடாதீர்கள். ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ ‘அவெஞ்சர்ஸ்’ படத்தின் 2012 போருக்குப் பின் தொடங்கி “8 வருடம் கழித்து” என்று திரையில் போட்டது, அவர்களுடைய சொந்தக் கணக்கிலேயே 4 வருடம் உதைத்தது. அதே நோட்டில் நடிகர் ஒப்பந்தம் எத்தனை படத்துக்கு என்பதும் வேண்டும் (சாமுவேல் ஜாக்சனுக்கு 2009இல் 9 படம்). பாத்திரத்தின் உரிமை யாரிடம் என்பதும் வேண்டும்: 2008க்குப் பின் ஹல்குக்குத் தனிப்படம் வராததற்கு, விநியோக உரிமை யுனிவர்சலிடம் இருந்தது முக்கியக் காரணம்.

பல படங்களுக்கு ஒரே வில்லனை ஒரே நடிகர்மேல் ஏற்றினால், அவர் போனால் என்ன என்று இன்னொரு பத்தி இருக்கட்டும். மார்வெல் அடுத்த பெரிய வில்லனாக வளர்த்த காங் விஷயத்தில் அது இல்லை. 2023 டிசம்பரில் காங்காக நடித்த ஜொனாதன் மேஜர்ஸை நீக்கியபின் அவெஞ்சர்ஸ் படத்தின் பெயரே மாறியது, வில்லன் டாக்டர் டூம் ஆனான்.

உங்கள் இரண்டாம் பாகத்தின் திரைக்கதையில், கிளைத்தொடரில் மட்டும் நடந்த சங்கதிகளைச் சிவப்பில் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு வரி வசனத்தில், பாத்திரத்துக்கு அப்போது சொல்லத் தேவையிருக்கும்போது, சொல்லிவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாததைத் தொடரிலிருந்து பிடுங்கிப் படத்துக்குள் வையுங்கள்.