சிறு வயதில் தேய்ந்த கேசட்டில் பார்த்த ராக் கச்சேரியை இப்போது நல்ல பிரதியில் பார்த்தால் பழைய மயக்கம் கலைந்துவிடுமா?

கேட்டவர் படத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறார், "லைவ் அட் பொம்பெய்". பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, இத்தாலியில் எரிமலையில் புதைந்த பொம்பெய் நகர இடிபாடுகளுக்கு நடுவே வாசித்த படம். கல்லூரி நாளில் கேசட்டில் பார்த்தாராம், 2025இல் வந்த புளூரேயை வாங்கலாமா, வாங்கினால் ஏமாற்றமாகிவிடுமோ என்று பயப்படுகிறார். உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, "இந்த இரைச்சலுக்கு இவ்வளவு காசா" என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். என் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வாங்குங்கள். மயக்கம் கலையும், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கலைந்தது.

நான் இசை படித்தவன் இல்லை. திருச்சியில் மாமாவோடு மைக் செட் கட்டப் போய், பிறகு சொந்தமாக செட் வைத்துக்கொண்டவன். அதனால் "அது ப்ராக்ரசிவ் ராக்கே கிடையாது, சைக்கடெலிக்" என்று கிளம்பி வருபவர்கள் தாராளமாக வரலாம், பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அதே மாதிரி, பழையதுதான் உசத்தி என்று சொல்கிற கோஷ்டியும் நான் இல்லை. கேசட்டின் தரம் எவ்வளவு மோசம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

என் கேசட் 1992 வாக்கில் கையில் கிடைத்தது. நண்பன் ஒருவன் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தது, பிரதிக்குப் பிரதி எடுத்த சரக்கு. கிட்டார்காரர் கில்மர் சட்டையில்லாமல் உட்கார்ந்து வாசிப்பார். அவர் முதுகின் நிறம் முதுகோடு நிற்காமல் பக்கத்தில் ஓர் அங்குலம் வழிந்திருக்கும். பேஸ் கிட்டார் வாசிக்கும் வாட்டர்ஸ் சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய காங்கை, அதாவது தொங்கவிட்ட வட்டமான உலோகத் தட்டை, அடி அடியென்று அடிக்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடா அங்கேயே நைந்துவிட்டது. அந்த இடம் வந்தால் திரையில் வெள்ளைக் கோடுகள் ஏறும். எழுந்துபோய் டெக்கில் படத்தைச் சரிசெய்யும் டிராக்கிங்கைத் திருகினால் கோடு கீழே இறங்கும், போகாது.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 1971 அக்டோபர், குழுவின் மெடில் இசைத்தட்டு வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்பு. ஏட்ரியன் மேபன் என்ற இயக்குநர் நான்கு பேரையும் பொம்பெயின் பழைய வட்டரங்கத்துக்குக் கூட்டிப்போய், ஆள் யாரும் இல்லாமல் வாசிக்க வைத்தார். இருபதாயிரம் பேர் உட்காரக்கூடிய இடம். எதிரே கேமராக்காரர்களும் சாமான் தூக்கும் பையன்களும்தான். சும்மா வாயசைக்க மாட்டோம், நிஜமாகவே வாசிப்போம் என்று குழு பிடிவாதமாக நின்றதால், லண்டனில் இருந்து மொத்த செட்டும் லாரியில் வந்தது.

வந்து இறக்கினால் கரண்ட் பத்தவில்லை. கடைசியில் ஊர் நகர மன்றக் கட்டடத்தில் இருந்து தெரு வழியாக வட்டரங்கம் வரை கேபிள் இழுத்திருக்கிறார்கள். அதற்குள் நாட்கள் ஓடிவிட்டன, படம் பிடிக்க மிஞ்சியது நாலே நாள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் நேரத்தில் லைன் ட்ரிப் ஆனது. ட்ரிப் ஆனதற்குக் காரணம் அவர்கள் சொருகி வைத்திருந்த ஐஸ்கிரீம் பெட்டி. மண்டபமே திரும்பி என்னைத்தான் பார்த்தது. மறுநாள் பேலன்ஸ் வாங்கப் போனால், "பாதி நேரம் பாட்டே இல்லையேப்பா" என்று மூவாயிரம் பிடித்துக்கொண்டார் பெண்ணின் சித்தப்பா. பந்தி பரிமாறியவர், பூ கட்டியவர், வீடியோ எடுத்தவர் எல்லாருக்கும் முழுக் கூலி, மைக் செட்காரனுக்கு மட்டும் எப்போதும் கழிவு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். எங்கேயாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது, சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் டிவிடி வந்தது. இயக்குநரே வெட்டி ஒட்டிய புதிய வடிவம். ஆசையாகப் போட்டால் நடுநடுவே கோள்களும் விண்வெளியும் கம்ப்யூட்டரில் வரைந்த பொம்பெயும் வந்து போகின்றன. நல்லவேளை, பழைய ஒரு மணி நேரக் கச்சேரியைத் தனியாகவும் சேர்த்திருந்தார்கள், அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் படம், அவர் இஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவன் காங் அடிப்பதைப் பார்க்க உட்கார்ந்தவனுக்கு எதற்கு சனிக்கிரகம்?

இப்போதைய புளூரே அப்படி இல்லை. மூல நெகட்டிவைத் தேடிப் பிடித்து ஃப்ரேம் ஃப்ரேமாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஒலியை ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். ஐந்து ஸ்பீக்கர் பாக்ஸில் கேட்பதற்கு, தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற அட்மாஸுக்கு எல்லாம் தனித்தனி ஒலி உண்டு. என்னிடம் இருப்பது இரண்டு பாக்ஸ், அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

மயக்கம் கலைந்த கதை இதுதான். முதலில் கீபோர்டு வாசிக்கும் ரைட்டின் தாடி. சில பாட்டுகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பொம்பெயில் எடுத்தது மூன்று பாட்டுதான், மீதியை இரண்டு மாதம் கழித்து பாரிஸில் ஸ்டுடியோவில் எடுத்தார்கள், அதற்குள் மனிதர் மழித்துவிட்டார். கேசட்டின் மங்கலில் எனக்கு எல்லாம் ஒரே இடம், ஒரே நாள். அடுத்தது, டிரம்ஸ் வாசிக்கும் மேசன். ஒரு பாட்டு முழுக்க கேமரா அவரையே சுற்றுகிறது. இயக்குநருக்கு டிரம்ஸ் மேல் தனிப் பிரியம் போல என்று நண்பர்களிடம் விளக்கமே கொடுத்திருக்கிறேன். மற்றவர்களை எடுத்த சுருள்கள் தொலைந்துவிட்டனவாம், கையில் மிஞ்சியது மேசன்தான். அந்தப் பாட்டின் நடுவில் குச்சி ஒன்று கையை விட்டுப் பறக்கும், அடுத்த குச்சியை எடுப்பார், தாளம் நிற்காது. கேசட்டில் குச்சி பறந்ததே தெரிந்ததில்லை.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. எக்கோஸ் பாட்டில் குரல் இரண்டாகக் கேட்கும். நான் மைக் செட்காரன் இல்லையா, ஊரில் "ஹலோ மைக் டெஸ்டிங்" என்றால் நாலு தடவை திரும்ப வருவதுபோல வைப்பவன். இவர்களிடம் பின்சன் எக்கோரெக் என்று இத்தாலியப் பெட்டி ஒன்று இருந்தது, உள்ளே காந்த உருளை சுற்றும். கில்மர் குரலை அதில் விட்டு இரட்டித்திருக்கிறார்கள் என்று முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பிரதியில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ரைட்டும் மைக்குக்கு முன்னால் குனிந்து பாடிக்கொண்டிருக்கிறார். கீபோர்டில் இருந்து கண்ணை எடுக்காமல், கில்மரோடு வார்த்தைக்கு வார்த்தை. நான் எக்கோ என்று நினைத்தது ஒரு ஆள்.

ரைட் 2008இல் இறந்துவிட்டார். 2016இல் கில்மர் அதே வட்டரங்கத்துக்குத் திரும்பிப்போய் இந்த முறை ஜனங்களுக்கு முன்னால் வாசித்தார். எக்கோஸ் வாசிக்கவில்லை. ரிக் ரைட் இல்லாமல் அதை வாசிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அது ஏன் என்று எனக்கு இந்த வருடம்தான் உறைத்தது, அதுவும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. பெரிய ரசிகன் என்று ஊரில் சொல்லிக்கொண்டவன் ஒரு பாடகரையே முப்பது வருடம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்றால் நீங்கள் திட்டலாம். கேசட்டில் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

அப்புறம் அந்தக் காங். வாட்டர்ஸ் கையை ஓங்கினார், பின்னால் வெயில். தட்டில் இருந்த சொட்டைகூடத் தெரிகிற அளவு சுத்தமான படம். நான் சோஃபாவை விட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். "என்னப்பா வேணும்?" என்றாள் மகள். டிராக்கிங் திருக வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தண்ணி பாட்டில் என்றேன்.