உன் அப்பாவிடம் கேள்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. இந்தப் பருவத்தில் நிர்வாகவியல் அடிப்படைகள் என்று ஒரு பாடம். ஹென்றி ஃபயோலின் 14 கோட்பாடுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இயந்திரம் படிப்பவனுக்கு இது எதற்கு? நல்ல புத்தகம் ஏதாவது சொல்வீர்களா? பிறகு எம்.பி.ஏ. படிக்கலாமா? வீட்டில் கேட்க ஆளில்லை. அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

எம்.பி.ஏ. பற்றி இப்போது யோசிக்காதே. சில வருடம் ஓர் ஆலையில் வேலை செய்துவிட்டு யோசி. புத்தகம் உன் நூலகத்தில் கிடைப்பதே போதும். கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். அதற்குத் திட்டும் உண்டு.

ஃபயோலும் பொறியாளர்தான். 1860-இல், 19 வயதில், பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1888-இல் அந்த நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தபோது தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது, தூக்கி நிறுத்தினார். அந்த அனுபவத்தை 1916-இல் எழுதி வெளியிட்டார். உன் 14 கோட்பாடுகளும் அதில் உள்ளவை. இயந்திரம் படித்தவனுக்கு எதற்கு என்ற கேள்வியை இதோடு விட்டுவிடலாம்.

பதினான்கில் பாதி, யோசித்தால் உனக்கே தோன்றக்கூடியவை. ஒருவருக்கு ஒரே மேலாள் இருக்க வேண்டும், கூலி நியாயமாக இருக்க வேண்டும், பொருள் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், இப்படி. இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் நில். அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது அது. வகுப்பில் இதை மேலே இருப்பவருக்குச் சொல்லும் புத்தியாகப் படிப்பார்கள்: அதிகாரம் இருக்கிறதா, பொறுப்பையும் ஏற்றுக்கொள். நான் இதைக் கீழே இருந்து படித்தவன்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அடிப்படைக் கூலிக்கு மேல், கொண்டுவரும் பாலுக்குத் தக்கபடி கூடுதல் காசு. ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியார் பாலில் அளவுகோலை மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் தேறும் என்று கணக்குப் போடுவார். குறைந்தால் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும், வேலையை மேற்பார்க்கும் தண்டல் கத்துவார். அம்மாவுக்குக் கொடுத்த நிரையில், அதாவது மர வரிசையில், கிழட்டு மரங்கள் அதிகம். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழிந்துவிடும். எந்த நிரை, எந்த மரம், மழைக்கு மறுநாள் சீவுவதா வேண்டாமா, ஒன்றிலும் அவரை யாரும் கேட்டதில்லை. எடைக்கு மட்டும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கத்திய தண்டலுக்கும் அந்த மரங்களை மாற்றும் அதிகாரம் கிடையாது. அவரை மேலே ஒருவர் கத்தியிருப்பார். ஃபயோல் எச்சரித்த குற்றம் இதுதான். அம்மாவுக்கு ஃபயோல் யாரென்று தெரியாது; குற்றம் எங்கே என்று தெரிந்திருந்தது.

இது பழைய ரப்பர் காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடாதே. நாளைக்கு நீயே ஒரு செம்பனை ஆலையில் பொறியாளராகப் போகலாம். நூறு கிலோ குலைக்குச் சுமார் இருபது கிலோ எண்ணெய் வரும். அது குறைந்தால் முதல் தொலைபேசி உனக்குத்தான். ஆனால் எண்ணெய் உண்டாவது மரத்தில். பழுக்காத காய்க்குலையை வெட்டினால் எண்ணெய் குறையும். உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டால் அது ஆலைக்கே வராது. அடிபட்ட பழம் இரவெல்லாம் வெளியே கிடந்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். இதில் ஒன்றையும் ஆலைக்குள் இருந்து சரிசெய்ய முடியாது. நாரோடும் கழிவு நீரோடும் போகும் எண்ணெய், நீராவி, இயந்திரம் நிற்கும் நேரம், இவைதான் உன் கையில் இருப்பவை. இரண்டையும் தனித்தனியாக அளந்து எழுதி வைக்காத ஆலையில் பொறியாளருக்கும் தோட்ட நிர்வாகிக்கும் தினமும் சண்டை நடக்கும். இரண்டு பக்கமும் கடைசியில் குற்றம் சொல்லி விரல் நீட்டுவது குலை வெட்டுகிறவரை.

அந்த இடத்தில் நிற்கிறவருக்குத்தான் 'இதெல்லாம் தெரியாது' என்று எழுதியிருக்கிறாய். எப்படியப்பா மனசு வந்தது? கீழே உதிர்ந்த பழத்தைப் பார்த்தே குலை பழுத்ததா என்று சொல்லக்கூடியவர். ஆள் பற்றாமல் ஒரு ரவுண்டு, அதாவது குலை வெட்டும் ஒரு சுற்று, தள்ளிப்போனால் எவ்வளவு பழம் வீணாகும் என்று உன் விரிவுரையாளரைவிட அவருக்குத் தெரியும்.

உன் ஊர் பெரியவர் ஒருவரையும் நினைவுபடுத்துகிறேன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். உன் பாடத்தில் இது இருக்காது. இருந்திருக்க வேண்டும்.

சரி, தேர்வுக்குப் பதினான்கையும் மனப்பாடம் செய்துகொள், தப்பில்லை. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார். ரவுண்டு எத்தனை நாளுக்கு ஒன்று, அதை முடிவு செய்வது யார், காய்க்குலை போனால் யார் கூலியில் பிடிக்கிறார்கள், அவர் கையில் விட்டால் முதலில் எதை மாற்றுவார் என்று கேள். அவர் சொல்வதை நோட்டில் எழுதி எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.