நர்ஸ் மறுபடியும் பெயர் கேட்டால் கோபப்படாதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இருபது வருடம் வார்டிலும் ஐ.சி.யு.விலும் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதன்பின் பத்து வருடம் மருத்துவமனைத் தரப் பிரிவில் வேலை பார்த்தேன். மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு பாதிப்பு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியவை. வந்த கேள்விகளில் அதிகம் பேருக்கு உதவும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவை அட்மிட் செய்து ஐந்து நாள் ஆகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் "உங்க பேரு என்ன?" என்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு எரிச்சலாக இருக்கிறது. தினமும் பார்க்கிற முகம்தானே? – வாசகி, திண்டுக்கல்

கேட்கிற சிஸ்டர் கிடைத்திருக்கிறார் என்று சந்தோஷப்படுங்கள். நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். இனிஷியல் மட்டும்தான் மாறும். பெட் நம்பரையும் நம்ப முடியாது. ஃபேனுக்குக் கீழே உள்ள பெட் காலியானால் ராத்திரியோடு ராத்திரியாக மாறிப் படுத்துவிடுவார்கள். அதனால்தான் முழுப்பெயர், ஐ.பி. நம்பர் (அட்மிட் ஆகும்போது தரும் உள்நோயாளி எண்) என இரண்டையும் சரிபார்த்த பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

கேட்கும் முறையும் முக்கியம். நான் வேலை பார்த்த ஒரு வார்டில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஊசியோடு போய், "சுப்பிரமணிதானே தாத்தா?" என்று கேட்டாள். காது சரியாகக் கேட்காத அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே "ஆமாம்மா" என்றார். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்த பேத்தி, "எங்க தாத்தா பேரு சுந்தரம்" என்றது. அந்த ஊசி அடுத்த பெட்டுக்கு உரியது. "இவர்தானே?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "உங்க பேரு என்ன?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

யாராவது கேட்காமலேயே ஊசி போட வந்தால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "இவர் பேரு இது, ஐ.பி. நம்பர் இது, இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று கேட்டால் போதும். ரத்தம் ஏற்றும்போது இது இன்னும் முக்கியம். பையில் உள்ள பெயர், நம்பர், குரூப் எல்லாவற்றையும் நோயாளியின் பக்கத்தில் நின்று இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். தப்பான குரூப் ரத்தம் கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து.

அம்மாவுக்கு 20 யூனிட் இன்சுலின். மெடிக்கலில் சிவப்பு மூடி சிரிஞ்ச் இல்லை என்று ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். சரியா? – வாசகர், தஞ்சாவூர்

சரியில்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவுக்குப் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு மி.லி.க்கு 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் கடையில் கிடைக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100-க்கு. மருந்தையும் சிரிஞ்சையும் மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

கணக்கைப் பாருங்கள். ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி. அதை 40 குப்பியிலிருந்து இழுத்திருந்தால் அம்மாவுக்குப் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும். "இன்சுலின் கேட்கவில்லை" என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கிடைத்து அந்தக் கூட்டிய அளவைப் போட்டால், விடிகாலையில் அம்மா வியர்த்து விறுவிறுத்துக் கிடப்பார். எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். பேனா ரிப்பேர், ஊசி தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குப்பியை வெளிச்சத்தில் பிடித்து 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று படியுங்கள். சிரிஞ்சின் உடம்பிலும் அதே எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இழுக்க வேண்டும். மூடி தொலைந்த சிரிஞ்சை நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். இத்தனை நாள் ஆரஞ்சிலேயே போட்டுவந்திருந்தால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் அளவோடு சிவப்புக்கு மாறுங்கள். நீங்களாக மாற்றிவிட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. சர்க்கரை இறங்கி நடுக்கம், வியர்வை, குழறல் வந்தால், விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் மாத்திரை. சீட்டில் எழுத்து புரியவில்லை. கடையில் "தினம் ஒன்று" என்று கவரில் எழுதிக் கொடுத்தார்கள். – வாசகி, நாகர்கோவில்

உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். அப்படிச் சாப்பிட்டிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மாத்திரை அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய்ப்புண், காய்ச்சல், தோலில் ரத்தத் திட்டு ஆகியவை ஆபத்தான அடையாளங்கள்.

இதோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டும் சிறிய மஞ்சள் மாத்திரையாகவே வருவது உண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். "வாரம் ஒருமுறை" என்பதோடு நிற்காமல் "ஞாயிறு" என்றோ "புதன்" என்றோ கிழமையைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கிற மாதிரி, முடிந்தவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் விதியே 2016-இல் திருத்தப்பட்டிருக்கிறது. தெளிவாக எழுதித் தரும்படி கேட்பதில் தப்பே இல்லை.

நாளை மறுநாள் மனைவிக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். பயமாக இருக்கிறது. நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

தியேட்டருக்குள் ஒரு பட்டியலை வாய்விட்டுப் படிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்தது, 19 வரி. மயக்க மருந்துக்கு முன் ஒருமுறை, கத்தி வைக்கும் முன் ஒருமுறை, தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் ஒருமுறை. யார் நோயாளி, எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், அலர்ஜி உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதம் ஆயின. இந்தப் பட்டியல் உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று சர்ஜனிடமே கேளுங்கள்.

உங்கள் பங்கு: மனைவி விழித்திருக்கும்போதே, அவர் சொல்லச் சொல்ல, வலது காலில் மார்க்கர் பேனாவால் குறி போட வேண்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மட்டுமல்ல, நாட்டு மருந்து, லேகியம் எல்லாம்தான். விரல் நுனியில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் தப்பான எண் காட்டலாம்.

வெறும் வயிறு விஷயத்தில் காபி ஒரு பெரிய வில்லங்கம். "ஒன்றும் சாப்பிடலை, ஒரு வாய் காபிதான்" என்பார்கள். பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கு. வழக்கமாக ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை ஐ.சி.யு.வில் பார்த்தவள் நான். குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்த்து "கை கழுவினீர்களா?" என்று கேட்கலாமா? – வாசகர், கோவை

கேட்கலாம். "சார், சானிடைசர் இங்கே இருக்கு" என்று காட்டினாலும் போதும், நல்ல டாக்டர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஈரம் காயும்வரை 20, 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. பார்க்க வருகிறவர்களுக்கும் இதுவே விதி. வெளியிலிருந்து வந்து நேராகப் பெட்டில் உட்கார்ந்து ட்ரிப் டியூபைத் தடவும் உறவினரை யாரும் கேட்பதில்லை. அவர்களையும் கேளுங்கள்.

மேடம், நான் ஸ்டாஃப் நர்ஸ். மருந்தை மாற்றிப் போட இருந்து கடைசி நேரத்தில் கவனித்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன், மெமோ வந்துவிட்டது. இனி எழுதவே கூடாது என்கிறார்கள் சீனியர்கள். – பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் செய்தது சரி.

என் கதையைச் சொல்கிறேன். நைட் டியூட்டி, மணி இரண்டு இருக்கும். ஆன்டிபயாட்டிக் பவுடரைக் கரைக்க ட்ரேயில் கைவிட்டு டிஸ்டில்டு வாட்டர் எடுத்தேன். அந்தச் சின்ன மருந்துக் குப்பியின் (ஆம்பியூல்) கழுத்தை ஒடிக்கும்போது எதற்கோ லேபிளைப் படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. அதே பத்து மி.லி., அதே மாதிரி பிளாஸ்டிக் ஆம்பியூல், அதே ட்ரே. கரைக்காமல் நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும் மருந்து அது. கை நடுங்கியது. யாரிடமும் சொல்லவில்லை, ட்ரேயில் திரும்ப வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு பெண் அதே ட்ரேயில் அதே ஆம்பியூலை எடுத்தாள். அவளைப் பக்கத்தில் நின்றவள் கவனித்துத் தடுத்தாள். ஆனால் எடுத்தவள் என்னைப்போல மறைக்காமல் மேலே சொல்லிவிட்டாள். அடுத்த நாள் பொட்டாசியம் வார்டை விட்டே போய், பூட்டிய அலமாரிக்கு மாறியது. நான் வாயைத் திறந்திருந்தால் மூன்று மாதம் முன்பே மாறியிருக்கும். அந்த மூன்று மாதத்தில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் என்று இப்போதும் யோசிப்பேன்.

மெமோ கொடுத்தவர்களுக்கும் சொல்கிறேன். ஒரு மெமோவால் பத்து ரிப்போர்ட் நின்றுபோகும். தவறு நிற்காது, தெரியாமல் போகும். தமிழ்நாட்டில் 1994 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து, எங்கே தாமதம், ரத்தம் ஏன் கிடைக்கவில்லை, ஏன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவில்லை என்று அலசுகிறார்கள். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. அலசல் மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. 108, ஆரம்ப சுகாதார நிலையங்கள், செவிலியர்கள் என்று நிறைய இருக்கிறது. ஆனால் எதைச் சரிசெய்வது என்பது தெரிந்தது அந்த அலசலில்தான்.

உங்கள் ரிப்போர்ட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எழுதும்போது "நான் தவறினேன்" என்பதோடு நிறுத்தாமல், ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருந்தீர்கள், மருந்து எந்த இடத்தில் இருந்தது, லேபிள் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். படிக்கிறவர் கண் உங்கள் மேலிருந்து ட்ரேக்குப் போகும்.

வாசலில் என்.ஏ.பி.ஹெச். போர்டு இருந்தால் நம்பலாமா? – வாசகர், மதுரை

என்.ஏ.பி.ஹெச். என்பது மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். அந்த போர்டு ஒரு நல்ல அடையாளம், முழு உத்தரவாதம் அல்ல. வெளியிலிருந்து வந்து விதிமுறைகளைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆரம்பநிலைச் சான்றா, முழு அங்கீகாரமா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு என்.க்யூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச் சான்று உண்டு. பிரசவ அறைக்கு லக்‌ஷ்யா என்ற சான்று. என் அனுபவத்தில் ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வார்டைப் பார்த்தால் போர்டைவிட அதிகம் தெரியும். பெட் பக்கத்தில் நின்று நோயாளியைக் காட்டி ஹேண்ட்ஓவர் கொடுக்கிறார்களா, டெஸ்கில் உட்கார்ந்து நோட்டைக் கைமாற்றுகிறார்களா என்று கவனியுங்கள்.

தவறு நடந்துவிட்டது என்று சந்தேகம். கேஸ் ஷீட்டைத் தர மறுக்கிறார்கள். – வாசகர், சேலம்

எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர் நடத்தை விதி. தனியார் மருத்துவமனை என்றால் மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், டாக்டர் பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். பணம் கட்டிய சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையமும் உண்டு, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் சிகிச்சை கொடுத்த டாக்டரோடு ஒருமுறை உட்கார்ந்து, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பல குடும்பங்களுக்கு வேண்டியிருந்தது அந்த அரை மணி நேரம்தான், அது கிடைக்காமல்தான் வழக்கு வரை போனார்கள்.

மாத்திரையால் உடம்பெல்லாம் தடிப்பு. யாரிடம் சொல்வது? – வாசகி, வேலூர்

முதலில் டாக்டரிடம். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. அதன்பின் இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், சாப்பிட்ட தேதி, தடிப்பு வந்த தேதி கையில் இருக்கட்டும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது.