'அ' ஒட்டிய காரெல்லாம் அரசு வண்டி ஆகிவிடுமா?

கேள்வி: மண்டபத்தில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். போன வாரம் இரவு லோடு ஏற்றும்போது வெள்ளை காரில் வந்த இருவர், "கடல் அட்டை (பிடிக்கத் தடையுள்ள கடல் உயிரினம்) இருக்கிறதா பார்க்கணும்" என்று மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். கண்ணாடியில் சிவப்பில் 'அ' ஒட்டியிருந்தது. பணம் கேட்டதும்தான் சந்தேகம் வந்தது. நம்பர் பிளேட்டை வைத்து அரசு வண்டியை அடையாளம் காண முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். முதலில் அந்த 'அ'வை மறந்துவிடுங்கள். ஸ்டிக்கர் கடையில் யார் கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பே இல்லை.

பார்க்க வேண்டியது மாவட்ட எண்ணுக்கு அடுத்த எழுத்தை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு டிஎன் 65. அதற்கடுத்து 'ஜி' வந்தால் மாநில அரசுத் துறை வண்டி. அரசுப் பேருந்துகளுக்கு 'என்'. துறை வண்டி வேறு மாவட்ட எண்ணோடும் வரலாம், அதில் தவறில்லை. பிளேட்டின் நிறம் மட்டும் உதவாது, ஏனென்றால் அரசு காருக்கும் சொந்த காருக்கும் ஒரே வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்துதான். மஞ்சள் பலகையில் 'அரசுப் பணி' என்று போர்டு மாட்டியிருந்தால், துறை வாடகைக்கு எடுத்த டாக்சியாக இருக்கலாம்.

உச்சிப்புளி பருந்து கடற்படைத் தளம் பக்கம் போகிறவர்கள் மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பாதுகாப்புத் துறை வண்டிகள், ஆர்டிஓ பதிவில் வராதவை. 'பிஎச்' என்று வருவது அப்படியல்ல. அடிக்கடி மாநிலம் மாறும் ஊழியர்களுக்காக 2021இல் வந்த வரிசை அது. வண்டி அவர்களின் சொந்த வண்டி.

எண்ணே போலியாக இருந்தால்? வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசுச் செயலியான எம்பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எதிரில் நிற்பது பொலிரோ, செயலி காட்டுவது ஸ்விப்ட் என்றால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியென்றால் பிளேட்டின் இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹோலோகிராமும், கீழே லேசரில் பொறித்த எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். டார்ச் அடித்தால் தெரியும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: 'ஜி' இல்லை என்பதற்காக வந்தவரைப் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் வனத்துறை சோதனை இந்தக் கரையில் வழக்கம்தான், அதிகாரிகள் சாதாரண காரிலும் வருவார்கள். வண்டி எதுவானாலும் அடையாள அட்டையைக் கேளுங்கள். பெயர், பதவி, அலுவலகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருளை எடுத்தால் மகசர் (கைப்பற்றியதைக் குறிக்கும் பதிவு) எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அபராதம் என்றால் ரசீது தர வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அன்று வந்த காரின் எண் நினைவிருந்தால் இன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வந்தவர்கள் உண்மையான ஊழியர்கள் என்று தெரியவந்தால் புகார் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும்.