அறை பார்த்துக் கொடுத்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பேருந்து நிழற்குடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சில மாதங்களாகப் படுத்துறங்குகிறார். வேலை போய், வாடகை கட்ட முடியாமல் வெளியே வந்தவர். தினமும் குடிப்பார், ஆனால் யாருக்கும் தொந்தரவில்லை. நாங்கள் பத்துப் பேர் பணம் போட்டு அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுக்க நினைக்கிறோம். குடியை விட்டால்தான் அறை என்று சொல்லலாமா? பணத்தைக் கையில் கொடுப்பது சரியா?

பதில்: அறை தேடக் கிளம்பும் முன் அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எந்தப் பகுதியில் இருந்தால் கூலி வேலை கிடைக்கும், இன்னொருவருடன் அறையைப் பகிர்ந்துகொள்ள முடியுமா, மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இலவசத் தங்குமிடத்துக்குப் போக மறுப்பவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். விசாரித்துப் பார்த்தால், அங்கே மூட்டை திருடுபோயிருக்கும்.

குடி விஷயத்தில் நிபந்தனை போடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்துவதானால் மருத்துவர் மேற்பார்வையில்தான். அதற்கும் ஓர் இருப்பிடம் வேண்டும். நிழற்குடையில் கிடந்தபடி யார் வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட முடியும்? முதலில் திருந்து, பிறகு வீடு என்ற பழைய வழியை 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தலைகீழாக மாற்றினார். முதலில் வீடு, சிகிச்சை அவரவர் விருப்பம். பின்னர் கனடாவில் ஐந்து நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தபோது, நேரடியாக வீடு பெற்றவர்கள்தான் அதிக காலம் வீட்டில் நிலைத்திருந்தார்கள். வீடு கிடைத்ததால் மட்டும் குடி நின்றுவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குடிப்பவரால் வீட்டில் நிலைத்திருக்க முடியாது என்ற நம்பிக்கை பொய்த்துப்போனது. பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக வைத்திருக்கிறது. அங்கே பல பொது விடுதிகளை வாடகை ஒப்பந்தத்துடன் கூடிய தனி வீடுகளாக மாற்றிவிட்டார்கள்.

கையில் பணம் கொடுக்கலாமா? கனடாவின் வான்கூவரில் வீடற்ற 50 பேருக்கு ஒரே தவணையாக 7,500 கனடிய டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டில் அவர்கள் வீடின்றிக் கழித்த நாட்கள் குறைந்தன. குடிக்கும் போதைக்குமான செலவு கூடவில்லை. ஆனால் கடுமையான குடிப்பழக்கமோ மனநோயோ உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எனவே உங்கள் ஆளுக்கு அதை அப்படியே பொருத்த வேண்டாம். அவர் சம்மதத்துடன் வாடகையை நேரே வீட்டுக்காரருக்குக் கட்டுங்கள். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்குமான தொகையை வாராவாரம் அவர் கையில் கொடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கட்டும். உங்களில் ஒருவர் பெயரில் போட்டால், நாளை உங்களுக்குள் மனத்தாங்கல் வரும்போது அவர் மறுபடி தெருவுக்கு வந்துவிடுவார். இதற்கு அடையாள அட்டை வேண்டும், அங்கேதான் சிக்கல். பாலிதீன் பைக்குள் மடித்து வைத்த காகிதங்கள் மழையில் ஒன்றோடொன்று ஒட்டி, புகைப்படத்தில் முகமே அழிந்திருக்கும். புது அட்டைக்கு முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வீடு வேண்டும், வீட்டுக்கு அட்டை வேண்டும். இந்தச் சுற்றை உடைக்க, கடிதங்கள் வந்து சேர உங்களில் ஒருவர் முகவரி தர முன்வரலாம். அலுவலக வரிசையில் கூட நிற்கவும் ஒரு ஆள் தேவை. பணம் போடுவதைவிட இது பெரிய உதவி.

சரி, அறைக்கு வந்துவிட்டார். உங்கள் ஆட்கள் கலைந்துபோவதும் அப்போதுதான். கட்டில் இருந்தும் கதவை ஒட்டித் தரையில், செருப்பைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவார். மாலையானால் பழைய நிழற்குடைக்கே போய் உட்காருவார், பேச்சுத்துணை அங்கேதானே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு செய்தும் திருந்தலையே' என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரைப் பேசவிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். தங்குமிடத்திலிருந்து வீட்டுக்கு மாறுபவர்களுக்கென்றே ஒன்பது மாதம் துணை நிற்கும் திட்டம் ஒன்று உண்டு. முதல் மூன்று மாதம் அடிக்கடி போய்ப் பார்ப்பது, அடுத்த மூன்று மாதம் அவரையே செய்யவிட்டுத் தடுக்கி விழுந்தால் மட்டும் தாங்குவது, கடைசி மூன்று மாதம் மருத்துவமனை, வேலையிடம், அக்கம்பக்கம் என்று அவரை மற்றவர்களோடு இணைத்துவிட்டு விலகுவது. சம்பளம் வாங்கும் பணியாளர்களுக்காக வகுத்த முறை என்றாலும் உங்களுக்கும் பொருந்தும்.

பத்துப் பேரும் தனித்தனியாகப் போய் புத்தி சொன்னால் அந்த அறை அவருக்கு வகுப்பறையாகிவிடும். ஒருவர் மட்டும் தொடர்ந்து பேசட்டும். ஒருவர் வரவுசெலவு பார்க்கட்டும். மற்றவர்கள் பணம் போட்டால் போதும். இன்னொன்று: முன்பு இப்படி, இப்போது இப்படி என்று அவருடைய படத்தை வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். பிறகு வேலை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் அந்தப் படம் முந்திக்கொண்டு போய் நிற்கும்.

ஆரம்பிக்கும் முன் ஓராண்டு வாடகைக்குக் கணக்குப் போடுங்கள். மூன்று மாதத்துக்குத்தான் தேறும் என்றால் இப்போது அறை எடுக்க வேண்டாம். தொகையை அவரிடமே சொல்லிவிட்டு, முதலில் அடையாள அட்டை, சிகிச்சை, வேலைக்குப் போய்வர ஆகும் செலவு என்று தொடங்குங்கள். மிச்சத்தை முன்பணத்துக்கு வைத்திருங்கள். சம்பளம் வரத் தொடங்கியதும் அறை பார்க்கலாம்.