அமெரிக்கா அளவுக்குப் பணமில்லாத இலங்கையில் மக்கள் கிட்டத்தட்ட அதே ஆயுளோடு வாழ்வது எப்படி?

என் அக்கா யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றாள், நான் நியூ ஜெர்சியில் பெற்றேன். இரண்டையும் கிட்ட நின்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா உண்டாகியிருப்பது ஊருக்குத் தெரிய முதலே குடும்பநல மாதுவுக்கு, அதாவது வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் அரச மருத்துவ மாதுவுக்கு, தெரிந்துவிட்டது. ஸ்கூட்டியில் வந்து பெயரைப் பதிந்து, ஃபோலிக் அமிலக் குளிசை எடுக்கிறாளா என்று கேட்டு, கிளினிக் நாளையும் சொல்லிவிட்டுப் போனார். ஒருமுறை அக்கா போகாமல் விட்டதற்கு மறுநாளே படலையடியில் வந்து நின்றார்: "பிள்ளை, ஏன் நேற்று வரேல்லை?" பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில் திரும்பவும் வந்து குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், பால் கொடுக்கும்போது பிள்ளையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினார். இதற்கெல்லாம் ஒரு சதம் வாங்கவில்லை.

எனக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் இருந்த கருவிகளை நான் ஊரில் கண்டதே இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு டொக்டரைப் பார்க்கத் தந்த நாள் ஆறு கிழமை கழித்து. இரண்டாம் கிழமை மார்பில் பால் கட்டி, குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தேன். இன்சூரன்ஸ் இருந்தும், எமர்ஜென்சிக்குப் போனால் எவ்வளவு பில் வருமோ என்ற பயத்தில் விடியும்வரை போகவில்லை.

2022 இல் அமெரிக்கா மருத்துவத்துக்கு ஆளுக்கு 13,000 டொலருக்கு மேல் செலவழித்தது. இலங்கையின் செலவு 200 டொலரைக்கூட எட்டாது. இருந்தும் சராசரி ஆயுள் இரண்டு நாட்டிலும் 77, 78 வயதை ஒட்டித்தான். 2023 இல் அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 50 பேர் இறந்தார்கள். இலங்கையில் நாடு முழுவதற்கும் அந்த எண்ணிக்கை வழக்கமாக 30 அளவில்தான். இந்த வித்தியாசத்தை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, நோய் வருமுன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1951 இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கியது. 1934-35 இல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு, 2016 இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

அதற்காக இலங்கையில் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. குறைமாதக் குழந்தை, புற்றுநோய் என்றால் நான் அமெரிக்காவைத்தான் நம்புவேன். 2022 நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லாமல் போனது, டொக்டர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அப்புறம், இன்று இலங்கையில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இதய நோய், சீனி வருத்தம் போன்றவை. தாய்க்கும் பிள்ளைக்கும் இருக்கிற அந்த வீடு தேடி வரும் ஏற்பாடு ஐம்பது வயது ஆளுக்கு இல்லை. எங்கள் அப்பாவுக்குச் சீனி இருப்பது, காலில் ஆறாத புண் வந்த பிறகுதான் தெரிந்தது. அதே படலையால்தான் அந்த மாது அக்காவைப் பார்க்க வந்து போனார். அப்பா அப்போது முற்றத்தில்தான் இருந்தார்.